எட்டு நாளில் ராஜஸ்தான் பாலைவன ஊர்கள்: ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு காரில் சுற்ற முடியுமா?

பள்ளத்தூர்க்காரன் கேட்டது:

வணக்கம். நம் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து ராஜஸ்தான் போய் வந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

நாங்கள் நாலு பேர். நான், மனைவி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள், அப்புறம் ஆத்தா. ஆத்தாவுக்கு 71 வயது. முழங்கால் வலி உண்டு, பத்துப் படி ஏறினால் பதினோராவது படியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் இந்தப் பயணத்துக்கு ஆசைப்பட்டதே அவர்கள்தான். "உங்க ஐயா பர்மா வரைக்கும் போய் வந்தாக. நான் ஒட்டகத்தை சர்க்கஸ்லதான் பார்த்திருக்கேன்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தைப்பூசத்துக்கு நான் பழநிக்கு நடக்கிறவன். அது முடிந்து கால் ஆறியதும் கிளம்பலாம் என்று இருக்கிறோம்.

போட்டு வைத்திருக்கும் திட்டம் இது. சென்னையிலிருந்து விமானத்தில் ஜெய்ப்பூர். அங்கே டிரைவரோடு வண்டி. ஜெய்ப்பூரில் ஒரு நாள், மறுநாள் புஷ்கர் வழியாக ஜோத்பூர், அடுத்து உதய்ப்பூர், அங்கிருந்து ஜெய்சல்மேர், மணல்மேட்டில் ஒரு ராத்திரி, பிறகு பிகானேர், மண்டாவா, திரும்ப ஜெய்ப்பூர். மொத்தம் எட்டு நாள்.

மூன்று சந்தேகம். இது நெருக்கடியா? நம்ம வண்டியையே இங்கிருந்து ஓட்டிக்கொண்டு போனால் என்ன என்கிறான் மைத்துனன், அது சரிப்படுமா? மூன்றாவது, மண்டாவாவில் பழைய வீடுகளைத் தவிர ஒன்றும் இல்லையாம். "பழைய வீடு பார்க்க அவ்வளவு தூரமா? நம்ம தெருவிலேயே இருபது வீடு பூட்டிக் கிடக்கே" என்கிறாள் மனைவி. அதை எடுத்துவிடலாமா?

ஆத்தா எதுவும் சாப்பிடுவார்கள். ராத்திரிக்கு மட்டும் சோறு வேண்டும்.

*

கானாடுகாத்தான் ஆச்சி:

தம்பி, எதை வேண்டுமானாலும் எடுங்கள், மண்டாவாவை மட்டும் எடுக்காதீர்கள். உதய்ப்பூரை எடுங்கள். அது பாலைவனமே இல்லை. ஆரவல்லி மலைப் பக்கம் இருக்கிற ஏரி ஊர். அழகான ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக நீங்கள் ஜெய்சல்மேருக்கு ஒரே நாளில் ஐந்நூறு கிலோமீட்டர் வண்டியில் போக வேண்டியிருக்கிறது. ஆத்தாவின் முழங்காலைக் கேட்டுவிட்டா போட்டீர்கள் இந்தத் திட்டத்தை?

நாங்கள் மூன்று வருடத்துக்கு முன் தை மாதம் போனோம். நான், எங்கள் வீட்டுக்காரர், நான் ஆச்சி என்று கூப்பிடுகிற கூடப் பிறந்த அக்கா. ஆச்சிக்கும் எழுபது, அதே முழங்கால். ஒன்பது ராத்திரி தங்கினோம். ஜெய்ப்பூர் இரண்டு, நவல்கட்டும் மண்டாவாவும் சேர்த்து இரண்டு, பிகானேர் ஒன்று, ஜெய்சல்மேர் இரண்டு, ஜோத்பூர் இரண்டு. ஜோத்பூரிலேயே வண்டியை விட்டுவிட்டு விமானம் ஏறினோம். வண்டி வெறுமனே ஜெய்ப்பூர் திரும்புகிற காசையும் நம்மிடம்தான் வாங்குவார்கள். கொடுத்துவிடுங்கள். அதை மிச்சம் பிடிக்கப்போய் கடைசி நாள் 335 கிலோமீட்டர் திரும்பி வருவது வீண்.

இப்போது மண்டாவா. அந்தப் பகுதிக்கே ஷெகாவதி என்று பெயர். மண்டாவா, நவல்கட், ஃபதேபூர், ராம்கட், டுண்ட்லோட் என்று சின்னச் சின்ன ஊர்களாக இருக்கும். அங்கிருந்த மார்வாடி வியாபாரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போனார்கள். பணத்தை ஊருக்கு அனுப்பி வீடு கட்டினார்கள். குடும்பம் இங்கே, கணக்குப் புத்தகம் அங்கே. நம் ஆட்கள் கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டி வியாபாரம் செய்யப் போன கதையில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். பிர்லா குடும்பத்துப் பூர்வீகமான பிலானி கூட அந்தப் பக்கம்தான்.

இந்த மாதிரிப் பெரிய வீட்டை அங்கே ஹவேலி என்பார்கள். நவல்கட்டில் போத்தார் ஹவேலி என்று ஒன்று, 1902இல் கட்டியது, இப்போது அருங்காட்சியகம். உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் ஒரு கூடம். தரை முழுக்க வெள்ளை மெத்தை விரித்து, சாய்ந்துகொள்ளத் திண்டு போட்டு, வியாபாரம் பேசுகிற இடம். ஆம்பிளைகள் முற்றம் அதோடு முடிகிறது. அதைத் தாண்டினால் இன்னொரு நிலை, இன்னொரு முற்றம், அது பெண்டுகளுக்கு. வழிகாட்டிப் பையன் இந்தியில் விளக்கத் தொடங்கினான். எங்கள் ஆச்சி காதிலேயே வாங்கவில்லை. "இது முகப்பு, இது பட்டாலை, அந்தா இரண்டாங்கட்டு, அடுப்படி பின்னாலதான் இருக்கும் வா" என்று எனக்கு முன்னால் போய்விட்டார்கள். அடுப்படி பின்னால்தான் இருந்தது. முழங்கால் வலி அன்றைக்கு ஞாபகமே வரவில்லை.

வித்தியாசமும் உண்டு. நாம் பர்மாத் தேக்கைக் கொண்டுவந்து தூணாக நட்டோம். அவர்களுக்கு மரம் கிடையாது, சுவர்தான் இருந்தது. அதனால் சுவர் முழுக்கப் படம். கிருஷ்ணன் ஒரு பக்கம், ரயில் வண்டி ஒரு பக்கம், தொப்பி போட்ட துரை காரில் போவது ஒரு பக்கம். ரயிலைக் கண்ணால் பார்க்காமல் யாரோ சொல்லக் கேட்டு வரைந்தது போலச் சில படம் இருக்கும். சக்கரம் பெட்டிக்குள் இருக்கும், ஜன்னல் வெளியே இருக்கும். அந்த மாதிரிப் படத்தை நின்று பாருங்கள், மகளுக்குப் பிடிக்கும்.

மிச்ச வீடுகள் எல்லாம் பூட்டுத்தான். ஒரு வீட்டுக்கு முப்பது பங்காளி, ஒருவர் கையெழுத்துப் போட்டால் இன்னொருவர் போட மாட்டார், வாசலில் ஒரு காவல்காரர். எங்கள் வளவில், அதாவது பங்காளிகளுக்குப் பொதுவான பழைய வீட்டில், பதினெட்டுப் புள்ளி, பதினெட்டுக் குடும்பம். கூரை ஓடு மாற்றக் கூடிப் பேசி நாலு வருடம் ஆகிறது, இன்னும் ஓடு வரவில்லை. அதனால் மண்டாவாத் தெருவில் எனக்கு அழகு பார்க்க வந்த எண்ணமே வரவில்லை. சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து ஆள் இல்லாமல் திரும்புகிற மாதிரி இருந்தது.

சரி, மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெய்ப்பூரில் ஜந்தர் மந்தர் என்கிற பழைய வானியல் கூடத்தை மகளுக்காகப் பாருங்கள். 27 மீட்டர் உயரச் சூரியக் கடிகாரத்தின் நிழல் கண் முன்னால் நகரும். ஆமேர் கோட்டைக்கு ஜீப்பில் ஏறுங்கள், யானை வேண்டாம். பிகானேரில் ஜூனாகட் கோட்டை மலை மேல் இல்லை, தரையிலேயே இருக்கிறது. ராஜஸ்தான் கோட்டைகளில் ஆத்தா சுகமாகப் பார்க்கக் கூடியது அதுதான். பக்கத்தில் தேஷ்நோக்கில் கர்ணி மாதா கோயில், ஆயிரக்கணக்கில் எலிகள் ஓடும் கோயில். செருப்பை வெளியே விட வேண்டும், பழைய சாக்ஸ் ஒன்று கொண்டுபோய் அங்கேயே விட்டுவிட்டு வரலாம். நான் போனேன். எங்கள் வீட்டுக்காரர் வெளியே டீக்கடையில் இருந்து சாமி கும்பிட்டார்.

ஜோத்பூர் மெஹ்ரான்கட் கோட்டை பெரிய ஏற்றம், ஆனால் லிஃப்ட் இருக்கிறது, தனிச் சீட்டு வாங்க வேண்டும். வாசலிலேயே கேளுங்கள், தானாகச் சொல்ல மாட்டார்கள். அங்கேயே உமைத் பவன் அரண்மனை. பஞ்ச காலத்தில் சனங்களுக்கு வேலை கொடுக்க 1929இல் தொடங்கி 1943 வரை கட்டினார்களாம்.

சாப்பாடு: பகலுக்கு அங்கத்திய சாப்பாடே சாப்பிடுங்கள். கேர் சாங்ரி என்று பாலைவனத்துக் காயை உலர்த்தி வைத்துச் செய்கிற கறி, நம் வற்றல் குழம்புக்காரர்களுக்கு உடனே பிடிக்கும். தால் பாட்டி என்று பருப்போடு தருகிற சுட்ட மாவு உருண்டையில் நெய் ஊற்றுவதை நிறுத்தச் சொல்லத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரிக்குச் சின்ன ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி. தயிர் எங்கேயும் நன்றாகக் கிடைக்கும். தேன்குழலும் சீப்புச் சீடையும் ஒரு டின் போட்டுக்கொள்ளுங்கள். புஜியா என்கிற காரச் சேவுக்குப் பேர்போன பிகானேர்க்காரர்கள் ஊரில் உட்கார்ந்து சீப்புச் சீடை சாப்பிடுவதில் ஒரு கெத்து இருக்கிறது.

*

ஸ்டியரிங் சேகர்:

ஆச்சி சொன்னதற்கு மேல் வீடு, கோட்டை பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. வண்டி பற்றிச் சொல்கிறேன். காரைக்குடியில் டிராவல்ஸ் ஓட்டுகிறேன், ஒரு குடும்பத்தை இங்கிருந்தே ஓட்டிக்கொண்டு போய் வந்தவன்.

சொந்த வண்டி வேண்டாம். ஜெய்ப்பூர் ஒரு வழி மட்டும் கிட்டத்தட்ட 2,400 கிலோமீட்டர். போக நாலு நாள், வர நாலு நாள், நடுவில் ராஜஸ்தான் எப்போது பார்ப்பது? மைத்துனர் ஓட்ட ஆசைப்பட்டால் ஜெய்ப்பூரிலேயே செல்ஃப் டிரைவ் வண்டி கிடைக்கும். ஆனால் ராத்திரி ஓட்டக் கூடாது. ஒட்டக வண்டிக்குப் பின்விளக்கு கிடையாது. மாடு படுத்திருக்கும், நீல்காய் என்று குதிரை உயரத்துக்கு ஒரு மான் குறுக்கே பாயும். தை மாதக் காலையில் பனிமூட்டம் வேறு. எட்டு மணிக்கு எடுத்து, இருட்டுவதற்குள் ஓட்டலில் நிறுத்திவிட வேண்டும்.

உங்கள் முதல் திட்டத்தைக் கூட்டிப் பார்த்தேன், ஊர் விட்டு ஊர் மட்டும் 1,700க்கு மேல் வருகிறது. ஆச்சி போன வழியில் ஆயிரத்துக்குள் முடிகிறது. ஜெய்ப்பூர் மண்டாவா 170, மண்டாவா பிகானேர் 190, பிகானேர் ஜெய்சல்மேர் 330, ஜெய்சல்மேர் ஜோத்பூர் 280. ரோடு நன்றாக இருக்கும், நேர்கோடாக இருக்கும், அதுவே ஆபத்து. தூக்கம் வரும்.

அங்கே டிரைவரோடு எடுக்கும்போது ஒரு நாளைக்குப் பெரும்பாலும் குறைந்தது 250 கிலோமீட்டர் கணக்குப் போடுவார்கள், ஓடினாலும் ஓடாவிட்டாலும். டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா உள்ளேயா வெளியேயா என்று எழுதி வாங்குங்கள். எங்கள் பார்ட்டியை உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கோட்டைக்கு முன்னால் மூன்று துணிக்கடைக்குக் கூட்டிப்போய்விட்டார், கோட்டை சாத்துகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். "கடை வேண்டாம்" என்பதை முதல் நாள் காலையிலேயே சொல்லிவிடுவது நல்லது. கோபமாக இல்லாமல், டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லுங்கள். நானும் டிரைவர்தான், அதனால் சொல்கிறேன்.

பிகானேர் ஜெய்சல்மேர் வழியில் பெண்களுக்கு ஒதுங்க இடம் கம்மி. பெரிய பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால், தேவை இருக்கிறதோ இல்லையோ, நிறுத்திவிடுங்கள். நடுவில் ஃபலோடி வரும். 2016 மே மாதம் 51 டிகிரி அடித்ததே, அந்த ஊர். அதை ஒட்டிக் கீச்சன் என்று ஒரு கிராமம். குளிர் காலத்தில் குர்ஜா என்கிற கொக்கு மாதிரிப் பறவை மங்கோலியாப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கில் வரும், ஊர்க்காரர்கள் தானியம் போட்டு வளர்க்கிறார்கள். நம் கொள்ளுகுடிப்பட்டியில் பறவைக்காகத் தீபாவளி வெடி வெடிக்க மாட்டார்களே, அந்த மாதிரி. பிகானேரில் ஆறு மணிக்கு எடுத்தால் குளக்கரையில் பார்த்துவிடலாம். எட்டு மணிக்கு எடு என்று மேலே சொன்னதற்கு இது ஒன்று மட்டும் விலக்கு, அதுவும் பனி இல்லாத நாளாக இருந்தால்.

இன்னொன்று, மதுரையிலிருந்து பிகானேருக்கே வாரம் ஒருமுறை நேர் ரயில் உண்டு, அனுவ்ரத் எக்ஸ்பிரஸ். ஆத்தாவுக்கு விமானம் பயம் என்றால் யோசியுங்கள். பயம் இல்லையென்றால் யோசிக்காதீர்கள், இரண்டு நாளுக்கு மேல் ரயிலில் இருக்க வேண்டும்.

*

கொத்தமங்கலம் சுண்ணாம்பு:

பழைய வீடு பூச்சு வேலை பார்க்கிறவன். ஜெய்ப்பூர்ப் பக்கம் பூச்சு பார்க்கவே ஒருதரம் போனேன், ஒட்டகம் பார்க்கவில்லை.

அங்கே ஆராயிஷ் என்று ஒரு பூச்சு. நீற்றிய சுண்ணாம்பைத் தயிரும் வெல்லமும் போட்டு மாதக்கணக்கில் ஊற வைத்து, சலவைக்கல் பொடி கலந்து பூசுகிறார்கள். கடைசியில் அகேட் கல்லால் தேய்த்துத் தேய்த்து, தேங்காயெண்ணெய் தடவி முடிக்கிறார்கள். நம் ஊரில் கடுக்காய்த் தண்ணீர், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு. சேர்மானம் வேறு, கை வேலை ஒன்று. அந்த ஊர் மிஸ்திரிக்கும் எனக்கும் பொதுவான மொழியே கிடையாது. சுவரில் புறங்கையை வைத்துக் காட்டினேன், அவர் சிரித்தார். பூச்சு சரியாக இருந்தால் புறங்கைக்கு ஜில்லென்று, பட்டு மாதிரி தெரியும். நீங்களும் வைத்துப் பாருங்கள். படத்தின் மேல் மட்டும் கை வைக்க வேண்டாம்.

ஷெகாவதிப் படங்களில் பழசு எது புதுசு எது என்று நிறத்தை வைத்தே சொல்லலாம். காவி, மஞ்சள், கரி, அவுரி நீலம் இதெல்லாம் ஈரச் சுண்ணாம்பில் இறங்கியவை, நூறு நூற்றைம்பது வருடம் நிற்கின்றன. பிறகு சீமைச் சாயம் வந்தது. பளிச்சென்ற நீலமும் சிவப்பும் காய்ந்த சுவர் மேல் தீட்டினால் செதில் செதிலாக உதிர்கிறது. நம் ஊரிலும் பழைய வெள்ளைப் பூச்சு மேல் எமல்ஷன் அடித்துக் கெடுத்த வீடுகள் எத்தனை, அதே கதைதான்.

ஜெய்சல்மேர் போனால் கோட்டைக்கு உள்ளே இருக்கும் ஓட்டலில் தங்காதீர்கள், இது என் வேண்டுகோள். அந்தக் கோட்டை 1156இல் தொடங்கியது, இன்னும் உள்ளே சனங்கள் குடியிருக்கிறார்கள். மழையே இல்லாத ஊர் என்று நம்பிச் சாந்து இல்லாமல் கல்லோடு கல் அடுக்கிய சுவர்கள். குடத்தில் தண்ணீர் சுமந்த காலத்தில் ஒன்றும் ஆகவில்லை. குழாய் வந்து, ஓட்டல்கள் வந்து, குளியலறைத் தண்ணீர் அடி மண்ணில் இறங்கி, குன்றே இளகிச் சுவர்கள் சரிந்திருக்கின்றன. வெளியே தங்கினால் இன்னொரு லாபம், சாயங்காலம் கோட்டை மஞ்சளாக மின்னுவது வெளியிலிருந்து பார்த்தால்தானே தெரியும்.

பட்வா ஹவேலியை விடாதீர்கள். ஜரிகை வியாபாரி குமான் சந்த் பட்வா 1805இல் தொடங்கியது, ஐந்து மகன்களுக்கு ஐந்து வீடு. சட்டம் போட்ட மர ஜன்னல் போலக் கல்லையே கடைந்திருக்கிறார்கள். நாத்மல் ஹவேலிக்கும் போங்கள். அண்ணன் தம்பி இருவர் ஆளுக்கு ஒரு பக்கம் செதுக்கியதாகச் சொல்வார்கள். வாசலில் நின்று இடப் பக்கத்தையும் வலப் பக்கத்தையும் ஒப்பிட்டால் ஒன்றுபோல இருக்கும், ஒன்றாக இருக்காது. மகளிடம் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

*

பள்ளத்தூர்க்காரன்:

மூவருக்கும் ரொம்ப நன்றி. ஆச்சி எழுதியதை ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடுப்படி இடம் வந்ததும் "திருப்பி வாசி" என்றார்கள். மனைவியும் மண்டாவாவுக்குச் சரி சொல்லிவிட்டாள். உதய்ப்பூர் போச்சு, புஷ்கரும் போச்சு. லீவை இரண்டு நாள் நீட்டி ஒன்பது ராத்திரி ஆக்கிவிட்டேன். மைத்துனனிடம் 2,400 என்று மட்டும் சொன்னேன், பேச்சு முடிந்தது.

இரண்டு கேள்வி மிச்சம். மணல்மேட்டில் கூடாரத்தில் ஆத்தாவைத் தங்க வைக்கலாமா? தனோட் கோயிலுக்குப் போகலாமா? எல்லைச் சாமி என்று எங்கேயோ கேள்விப்பட்டு அதையும் சேர்க்கச் சொல்கிறார்கள்.

*

கானாடுகாத்தான் ஆச்சி:

கூடாரம் வேண்டாம் தம்பி. பகலில் வெயில் கண்ணைக் கூசும், ராத்திரி பல் கிட்டும். நம் ஊரில் மார்கழிக் குளிருக்கே துண்டைத் தலையில் கட்டுகிறவர்கள் நாம். ஸ்வெட்டர், காதுக்குக் கம்பளித் தொப்பி, உதட்டுக்குத் தேங்காயெண்ணெய் எல்லாம் வேண்டும். சாம் மணல்மேடு ஜெய்சல்மேரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். மூன்று மணிக்குக் கிளம்பி, சூரியன் இறங்குவதைப் பார்த்துவிட்டு ஓட்டலுக்கு வந்துவிடுங்கள். ஒட்டகத்தில் ஆத்தா ஏற வேண்டாம். அது எழுந்திருக்கும்போது பின்கால் முதலில் எழும், நாம் முன்னால் குப்புற விழுகிற மாதிரி ஒரு ஆட்டம் வரும். ஒட்டக வண்டி இருக்கிறது, மெத்தை போட்டு உட்கார வைத்து இழுப்பார்கள். எங்கள் ஆச்சி அதில்தான் போனார்கள். ஊருக்கு வந்து ஒட்டகத்தில் போனதாகத்தான் சொல்கிறார்கள், நாங்களும் திருத்துவதில்லை.

ஜெய்சல்மேரில் பௌர்ணமியை ஒட்டிப் பாலைவனத் திருவிழா வரும், பெரும்பாலும் பிப்ரவரியில். தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று நாளும் ஓட்டல் விலை ஏறிவிடும்.

தனோட் போகலாம். ஜெய்சல்மேரிலிருந்து 120 கிலோமீட்டர், அதற்கு ஒரு முழு நாள் போகும். எல்லைப் பாதுகாப்புப் படைக்காரர்களே பூசை செய்கிற கோயில். 1965 சண்டையில் விழுந்து வெடிக்காத குண்டுகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். படி ஏற்றம் என்று எதுவும் எனக்கு நினைவில் இல்லை. இரண்டாம் நாளை அதற்கு வைத்துக்கொண்டு, கோட்டையையும் ஹவேலிகளையும் மூன்றாம் நாள் காலையில் பார்த்துவிட்டு மதியத்துக்கு முன் ஜோத்பூர் கிளம்புங்கள்.

அப்புறம் மண்டாவாவில் ஒன்று. பூட்டிய வீட்டு வாசலில் கேமராவோடு நின்றால் காவல்காரர் கதவைத் திறக்க மாட்டார், திறந்தாலும் முகப்போடு திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் வளவுக் காவல்காரரும் அப்படித்தான், நாங்கள்தான் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறோம். நீங்கள் பின்னால் நில்லுங்கள். ஆத்தாவை முன்னால் விடுங்கள். எங்கள் ஆச்சி இந்தி ஒரு வார்த்தை தெரியாமல் நிலைக்கல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். அந்த ஆள் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு செம்பில் தண்ணீரோடும், இன்னொரு கையில் உள்கட்டுச் சாவியோடும் வந்தார்.